நாலடிக் கம்பி

கம்பி ஒரே தட்டில் உள்ளே போய்விட்டது.

நாலடி எர்த் கம்பி. டிஷ்காரனின் பதினெட்டு வருஷத் தொழிலில் எந்த மண்ணும் இருபது சுத்தியலடிக்குக் குறைந்து அதை உள்ளே விட்டதில்லை. இந்தப் பள்ளிக்கூட மைதானம் மட்டும் பெரிய மனசு பண்ணிற்று. இப்படி வழுக்கி இறங்கினால் பிடுங்கி வேறு இடத்தில் அடிக்க வேண்டும் என்பது தொழிலின் பாலபாடம். ஆனால் நேரமில்லை. வெள்ளத்தில் பாலம் போய், டவரும் சாய்ந்து, இரண்டாம் வகுப்பறை பெஞ்சுகளில் அவன் தங்கச்சி படுத்திருந்தாள். வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது. ஊரில் அகப்பட்டது ஒரு பல் டாக்டரம்மா. டிஷ் வழியாகத் திரையில் சர்ஜன் வந்து சொல்லித் தராமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள், நியாயம்தானே.

எர்த் மீட்டரை வைத்தான். மண்ணின் தடை சைபர் என்று காட்டியது. அப்படியொரு மண் உலகத்தில் கிடையாது. கெட்டுப்போன மீட்டர் உண்டு. தலையில் தட்டினான். சைபர்.

கம்பியின் தலையில் கவ்வியை மாட்டிப் பச்சை ஒயரை இறுக்கினான். பிறகு கேபிள். பிறகு கரண்ட். ஜெனரேட்டரின் டீசல் புகையும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து தொண்டையைக் கமறிய அந்த மங்கிய சாயங்காலத்தில், வானத்தைத் தேடி நிமிர வேண்டிய டிஷ், சத்தமில்லாமல், சாமி கும்பிடுகிறவன் மாதிரி மெதுவாகக் குனிந்து குனிந்து மண்ணைப் பார்த்து நின்றது.

பச்சை விளக்கு எரிந்தது. லைன் கிடைத்துவிட்டது.

அணைத்துவிட அவன் கை சுவிட்சுக்குப் போனபோது ஜன்னலில் டாக்டரம்மா தலையை நீட்டினாள்.

"சர்ஜன் பளிச்சுன்னு தெரியறார். எதையும் தொட்டுடாதீங்கண்ணே."

கையை எடுத்துக்கொண்டான். உள்ளே ஓர் ஆண்குரல் நிதானமாக, பிரியமாகக்கூட, எங்கே கீற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. தங்கச்சி ஒருமுறை அண்ணா என்றாள். பச்சை ஒயர் வெதுவெதுப்பாக இருந்தது. அது துடித்தது. தன் நாடிதான் என்று சொல்லிக்கொண்டு விரலை எடுத்தான். ஒயர் துடித்தது.

முக்கால் மணி நேரம் கழித்துக் குழந்தை அழுதது.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான். ஜெனரேட்டரை நிறுத்தினான். கேபிளைப் பிடுங்கினான். பச்சை விளக்கு செத்தது. மைதானம் கப்சிப்.

உள்ளே குரல் நிற்கவில்லை.

"குழந்தையைக் கிட்டே கொண்டாங்கம்மா. முகம் தெரியலை."

கம்பியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தான். வந்தது. ஓரடி. இரண்டடி. நாலடியும் வந்தது. அடிமுனையில் இன்னொரு கவ்வி. அவன் போட்டதைவிட நேர்த்தியாக இறுக்கியிருந்தது.

"இன்னும் கிட்டே."

கவ்வியிலிருந்து ஈரமான ஒயர் ஒன்று. விறைப்பாக. மண்ணைக் கீறிக்கொண்டு நேராக வகுப்பறைச் சுவர்வரை எழும்பி, அஸ்திவாரத்துக்குக் கீழே நுழைந்திருந்தது. உள்ளே பெஞ்சுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது.