சார்ஜ் ஏறுகிற வீடு

இப்போதெல்லாம் யாரும் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைக்காமல் கருவியைத் தேடுகிறார்கள். மழை பெய்கிறதா என்று பார்க்க ஜன்னலைத் திறக்காமல் போனைத் திறக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற மனுஷன் தண்ணீர் கேட்டால் காதில் விழாது, போனில் சின்னதாக மணி அடித்தால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார்கள். இப்படிப் பொருமிக்கொண்டேதான் முள்ளுக்காரர் அந்த மேட்டு வீட்டின் வாசலில் போய் நின்றார்.

முள்ளுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். பேட்டரி வேலை பார்ப்பவர். எல்லோரும் எண் காட்டும் மீட்டருக்கு மாறிய பிறகும் இவர் மட்டும் முள் ஆடும் பழைய மீட்டரை விடவில்லை. எண் கூசாமல் பொய் சொல்லும், முள்ளுக்குப் பொய் சொன்னால் கை நடுங்கும் என்பார். வயது அறுபத்தெட்டு. பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் அதிக நாள் ஒத்துவரவில்லை. சொல்லிக்கொடுத்தவனை நம்பாமல் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டவர்.

அந்த மேட்டுக்குக் கரண்ட் கம்பி வரவில்லை. கூரையில் பன்னிரண்டு சோலார் பேனல், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் பதினாறு செல் கொண்ட பேட்டரி, அதற்கு மேலே சுவரில் இன்வெர்ட்டர். அவ்வளவுதான் வீட்டுக்கு உயிர். அந்த செல்களைக் காவல் காக்கிற பலகை, பிஎம்எஸ் என்பார்கள், போன வாரம் கருகிவிட்டது; புதுசு ஒன்று மாட்டத்தான் இவர் வந்திருந்தார். எந்த செல் அளவுக்கு மேல் ஏறுகிறது, எது அடிமட்டத்துக்கு இறங்குகிறது என்று பார்த்து நேரத்தில் வெட்டிவிடுவது அதன் வேலை. அது இல்லாத பேட்டரி, பிரேக் இல்லாத லாரி. எப்போது எங்கே போய் முட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முட்டினால் போவது மாடியில் படுத்திருந்த மனுஷன். வீட்டுக்காரம்மாவின் கணவர். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், நுரையீரல் பழுதாகிப் படுக்கையோடு கிடக்கிறார். பக்கத்தில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் நின்றால் அவரும் நிற்பார்.

"எவ்வளவு நேரம் ஆகும்ணே?" வீட்டுக்காரம்மா கேட்டாள். ஐம்பது வயது இருக்கும். கையில் போன்.

"பேசாம விட்டா அரை மணி நேரம்."

"பேசினா?"

"பேசினா நாளைக்கு."

அவள் சிரித்தாள். "சின்ன சிலிண்டர் ஒண்ணு இருக்குண்ணே. நாப்பது நிமிஷம் தாங்கும். அதுக்குள்ள முடிச்சிடுங்க. அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"சிலிண்டரை மாட்டிட்டுக் குரல் குடு. அப்புறம்தான் நான் கை வைப்பேன்."

அவள் மாடிக்குப் போனாள். முள்ளுக்காரர் குனிந்து படிக்கட்டு அறைக்குள் நுழைந்தார். நாலு நாளாக விடாத தூறல், வீடே சில்லென்று கிடந்தது, அந்த அறை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. பேட்டரி அறைக்கு என்று ஒரு வாசனை உண்டு, சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்தது. அது இல்லை இங்கே. நாள்பட்ட நோயாளியின் வாய்ப்பக்கம் குனிந்தால் வருமே, மருந்தும் புளிப்பும் கலந்த ஒரு மூச்சு, அந்த மாதிரி அடித்தது. எலி ஏதாவது செத்திருக்கும் என்று நினைத்து மூலையெல்லாம் டார்ச் அடித்தார். ஒன்றும் இல்லை.

முதல் செல்லில் மீட்டர் கம்பிகளை வைத்தார். முள் எழுந்து நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

வெயில் வந்து நாலு நாள். மெஷின் இரவும் பகலும் ஓடுகிறது. கணக்குப்படி இந்த பேட்டரி முந்தாநாளே செத்திருக்க வேண்டும். இதுவோ பாதிக்கு மேல் தெம்பாக இருந்தது.

"ஜெனரேட்டர் ஏதாவது ஓட்டினியா தங்கச்சி?" மேலே பார்த்துக் கத்தினார்.

"அதெல்லாம் நம்மகிட்ட ஏதுண்ணே. சிலிண்டர் மாட்டியாச்சு, ஆரம்பிங்க."

பேனலிலிருந்து வரும் பிரேக்கரை இறக்கினார். வீட்டுக்குப் போகும் லைன்களையும் ஒவ்வொன்றாக இறக்கினார். மாடியில் மெஷின் ஓய்ந்தது. வேலையில் இறங்கிவிட்டால் அவருக்கு வேறு நினைப்பு வராது. பதினாறு செல்லுக்குப் பதினேழு மெல்லிய கம்பிகள், நெகட்டிவ் முனையில் தொடங்கி வரிசை தப்பாமல் மாட்ட வேண்டும், ஒன்று மாறினாலும் புதுப் பலகை புகைந்துவிடும். ஒவ்வொன்றையும் மாட்டி, மீட்டரை வைத்து, முள்ளைப் பார்த்து, அடுத்ததுக்குப் போனார். கடைசியாக ஷன்ட். உள்ளங்கை அளவுப் பித்தளைக் கட்டை. பேட்டரிக்குள் போகிற கரண்ட்டையும் வெளியே வருகிற கரண்ட்டையும் எண்ணுவது அதுதான். திருப்பி மாட்டினால் வருவதைப் போவதாகவும் போவதை வருவதாகவும் சொல்லும். அதன் முதுகில் அம்புக்குறி இருந்தது. குறி பார்த்துத்தான் முடுக்கினார்.

இருபத்தெட்டு நிமிஷம். மாடிப் படுக்கையறை லைனை மட்டும் ஏற்றினார். பேனல் பிரேக்கர் கீழேயே இருந்தது, எல்லாம் சரியென்று தெரியாமல் அதைத் தொட மாட்டார். மேலே மெஷின் விழித்துக்கொண்டது. உஸ்ஸ் என்று ஒரு இழுப்பு, டொக் என்று ஒரு தட்டு. உஸ்ஸ். டொக்.

"பேட்டரி கணக்கு போன்ல வந்துடுச்சுண்ணே," வீட்டுக்காரம்மா படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அறுபத்தொண்ணு. சார்ஜ் ஏறுதுன்னு பச்சையா காட்டுது."

"ஏறுதா?"

"ஆமா. இதோ, அறுபத்திரண்டு."

முள்ளுக்காரர் பேனல் பிரேக்கரைப் பார்த்தார். கீழே இறங்கித்தான் இருந்தது. வெளியே சாயங்காலம், கருமேகம். பேட்டரியோடு சேர்ந்திருந்தது ஒரே ஒரு லைன், மாடிப் படுக்கையறைக்குப் போவது. அங்கே ஓடும் மெஷின் கரண்ட்டைத் தின்கிற ஜாதி, கொடுக்கிற ஜாதி இல்லை.

"ஷன்ட் திரும்பிக்கிச்சு போல," என்றார். "இறங்கறத ஏறுதுன்னு சொல்லுது. மறுபடி சிலிண்டரைப் போடு, அஞ்சு நிமிஷம்."

"ஏறுதுன்னா நல்லதுதானேண்ணே, அப்படியே விட்டுடுங்களேன்."

"போம்மா, போய் போடு."

லைனை இறக்கி, ஷன்ட்டைக் கழற்றிக் கையில் எடுத்தபோது அம்புக்குறி சரியான பக்கம்தான் காட்டியது. தன் கண்ணால் பார்த்ததை நம்பாமல் அவர் ஒரு வேலை செய்தார் என்றால் அது அன்றைக்குத்தான். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. அம்பைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி, லைனை ஏற்றினார்.

உஸ்ஸ். டொக்.

"இப்ப குறையுதுண்ணே," மேலிருந்து குரல் வந்தது. "அறுபது. சிவப்பா காட்டுது. என்ன பண்ணீங்க?"

"அதுதான் சரி. மெஷின் ஓடினா குறையத்தான் செய்யும்."

"எனக்கு என்னமோ முன்ன இருந்ததே புடிச்சிருந்தது."

வேலை முடிந்தது, சாமானை எடுத்து வைக்க வேண்டியதுதான். ஆனாலும் கை பழக்கத்தில் எட்டாவது செல்லில் மீட்டரை வைத்தது.

மேலே உஸ்ஸ் என்றது. முள் ஒரு மயிரிழை ஏறியது. டொக். நின்றது.

உஸ்ஸ். இன்னொரு மயிரிழை.

இறங்கவில்லை. போன் இறங்குகிறது என்கிறது, முள் ஏறுகிறது. ஒன்பதாவது செல்லில் வைத்தார். பத்தாவது. எல்லாம் அதே தாளத்தில், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மிடறு விழுங்குவதுபோல. மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, வெறும் உள்ளங்கையை செல்லின் பக்கவாட்டில் பதித்தார். பேட்டரிச் சூடு அவருக்குத் தெரியும், அது வறண்ட சூடு. இது ஈரமாக இருந்தது. தூங்குகிற பிள்ளையின் பிடரியில் கை வைத்த மாதிரி.

கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். இரண்டு தடவை துடைத்தார்.

பிறகு மாடிக்குப் போனார். போக வேண்டாம் என்று முழங்கால் சொன்னது. இவர் எப்போது அடுத்தவர் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

படுக்கையறையில் விளக்கு இல்லை. ஜன்னல் வழியாக வந்த மங்கல் வெளிச்சத்தில் வீட்டுக்காரம்மா கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், முகத்தில் போனின் சிவப்பு. ஒரு கை கணவரின் கைமேல் இருந்தது. கண் போனில் இருந்தது.

"அம்பத்தெட்டுண்ணே," என்றாள், தலை நிமிராமல்.

"அவரைப் பாரும்மா."

"அவரு நல்லா இருக்காரு. பாருங்க, மெஷின் ஓடுது."

முள்ளுக்காரர் பார்த்தார். லாரி ஓட்டியவர், ஒரு காலத்தில் அகலமான ஆளாக இருந்திருக்க வேண்டும், தோள் எலும்பு அதைச் சொன்னது. மூக்கில் குழாய். கண் திறந்திருந்தது. உஸ்ஸ் என்றது மெஷின். நெஞ்சு இறங்கியது.

முள்ளுக்காரர் அது ஏறுவதற்காகக் காத்திருந்தார்.

டொக். உஸ்ஸ். நெஞ்சு இன்னும் கொஞ்சம் இறங்கியது.

ஏறவில்லை.

டொக். உஸ்ஸ். போர்வை இன்னும் ஒரு விரல்கடை உள்ளே போனது. விலா எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் துணி தட்டையாகக் கிடந்தது. அதற்குக் கீழே எவ்வளவு ஆழம் இருக்கிறதோ.

ஒரே எட்டில் போய் மெஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். சத்தம் நின்றது. மூக்குக் குழாயைப் பிடுங்கி சிலிண்டரில் செருகித் திறந்தார்.

"என்னண்ணே பண்றீங்க," அவள் எழுந்தாள். "சிலிண்டர்ல ஒண்ணும் மிச்சமில்ல. அவரு செத்துடுவாரு."

"போனை வச்சிட்டு அவரைப் பாரு. அவரைத் தொட்டுப் பாரு."

"தொட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

படுத்திருந்தவரின் உதடு அசைந்தது. முள்ளுக்காரர் குனிந்தார். கீழ் அறையில் அடித்த அதே மூச்சு முகத்தில் பட்டது.

"மாட்டிடுங்கண்ணே." காற்றே இல்லாத குரல். "இருட்டுன்னா அவளுக்கு ஆகாது."

"யோவ், உனக்குப் புரியுதா அது என்ன பண்ணுதுன்னு?"

"அவ எப்படிக் கேக்கறாளோ அப்படி வச்சிட்டுப் போங்க."

முள்ளுக்காரர் படியில் இறங்கினார். லைனையே அறுத்துவிட வேண்டும், அப்புறம் தோளில் போட்டாவது அந்த மனுஷனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், ரோட்டில் ஏதாவது வண்டி வரும். கடைசிப் படியில் கால் வைத்தபோது மேலே மெஷின் ஓட ஆரம்பித்தது.

உஸ்ஸ். டொக்.

"நான் தொடலண்ணே," வீட்டுக்காரம்மாவின் குரல். அதில் ஆச்சரியமும் ஒரு சந்தோஷமும் இருந்தன. "அவரேதான் எழுந்து மாட்டினாரு. ஒரு மாசமா கையே தூக்கல அவரு."

மாடி லைனின் பிரேக்கரை இறக்கினார். கைப்பிடி கீழே விழுந்தது. பலகையில் ஒரு விளக்கு இல்லை.

உஸ்ஸ்.

இன்வெர்ட்டரை அணைத்தார்.

டொக்.

ஸ்பேனரை எடுத்து பேட்டரியின் பெரிய கேபிளையே கழற்றினார். மறை வழுக்கியது. கேபிள் கையோடு வந்தது. எதிலும் படாமல் கையில் தொங்கியது. வெறும் கேபிள்.

உஸ்ஸ்.

அந்தக் கேபிள் அவர் பிடிக்குள் ஒரு தடவை துடித்தது. தொண்டையில் எச்சில் இறங்குகிற மாதிரி.

போட்டுவிட்டு ஓடினார். மீட்டர், ஸ்பேனர், பை, செருப்பு, எல்லாம் அங்கேயே.

வாசலைத் தாண்டி, சேற்றில் வழுக்கி, மேட்டுப் பாதையில் பாதி தூரம் வந்த பிறகுதான் நடையைக் குறைத்தார். ஷன்ட் கோளாறு, என்று சொல்லிக்கொண்டார். மீட்டருக்கு வயதாகிவிட்டது. எனக்கும்தான். கேபிள் துடித்தது என் கை நாடி. மெஷினுக்குள்ளேயே சின்னதாக ஒரு பேட்டரி இருக்கும், இப்போதெல்லாம் எதில்தான் வைக்கவில்லை. நோயாளி அப்படித்தான் ஒடுங்கிப்போவான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது, ஒவ்வொன்றும் சரியாகவே பொருந்தியது.

பாதை பளிச்சென்று ஆனது. காலுக்கு முன்னால் அவருடைய நிழல் நீளமாக, கன்னங்கரேலென்று விழுந்தது.

வானத்தில் சூரியனும் இல்லை நிலாவும் இல்லை.

திரும்பிப் பார்த்தார். மேட்டு வீட்டில் எல்லா ஜன்னலும் எரிந்தது. கூடம், சமையலறை, வாசல், கூரை விளிம்பு, ஓட்டுச் சந்துகள்கூட. தூறல் துளிகள் ஒவ்வொன்றாகத் தெரிகிற அளவுக்கு வெள்ளை வெளிச்சம். மாடி ஜன்னலில் வீட்டுக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். சிரித்த முகமாக, வேலையை ஒழுங்காக முடித்துக்கொடுத்த ஆளுக்கு நன்றி சொல்கிற மாதிரி, போன் இருந்த கையைத் தூக்கி ஆட்டினாள். மற்ற கையில் ஒரு போர்வையை மடித்துப் போட்டிருந்தாள். போர்வை மடிப்பிலிருந்து விரல்கள் தொங்கின, கையுறைபோலத் தட்டையாக.

பதினாறு செல்லில் இவ்வளவு வெளிச்சம் வராது. எவன் வந்து சொன்னாலும் வராது. முள்ளுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் நிழலை மிதித்து மிதித்து, வெறுங்காலோடு இறங்கி நடந்தார்.