கோசிமோவின் வாய்

அன்று மதியம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்கள்: குரல் சேர்ப்பை நடத்தும் எர்சிலியா, ஒலிப்பதிவாளர் துல்லியோ, குரல் கொடுக்க வந்த நேவியோ. திரையில் கோசிமோ. அவனைப் புதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

ரோமில் படம் பிடிக்கும்போது வசனத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. குரலைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். வசனம் மறந்த நடிகன் ஒன்று, இரண்டு என்று எண்ணி வாயசைத்தாலும் போதும். தாரந்தோ துறைமுகத்தில் சிப்பி விற்றுக்கொண்டிருந்த கோசிமோவுக்கு அது வசதியாக இருந்தது. முகத்துக்காகத்தான் அவனைக் கூட்டிவந்தார்கள். அவன் படங்களிலெல்லாம் பேசியது நேவியோ. கடைசிப் படத்திலாவது தானே பேச வேண்டும் என்று கோசிமோ கெஞ்சினான். தயாரிப்பாளரும் தலையாட்டியிருந்தார். அதற்குள் அவன் கார் கடலுக்குள் விழுந்தது. வயது இருபத்துநாலு.

"செத்தும் உனக்குச் சோறு போடுறான் பாரு," என்றான் துல்லியோ.

நேவியோ சிரிக்கவில்லை. அவன் முகத்தை யாரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. குரல் ஒன்றுதான் அவனுடைய சொத்து.

படச்சுருளில் ஒரு துண்டை வெட்டி, இரு முனைகளையும் வளையமாக ஒட்டி, குரல் பொருந்தும்வரை சுற்றவிடுவது வழக்கம். அதே ஜன்னல், அதே திரைச்சீலை, பக்கவாட்டில் நின்று காதலியிடம் பேசும் அதே கோசிமோ. புரொஜெக்டரின் கரகரப்பும், சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் அடித்த கம்பளியில் ஊறிப்போன பழைய சிகரெட் நாற்றமும், அவற்றுக்கு அடியில் எங்கிருந்தோ மெல்லக் கசிந்துவரும் உப்புத்தண்ணீர் வாடையுமாக அந்த இருட்டு நேவியோவைச் சுற்றி அடர்ந்துகொண்டே வந்தது.

முதலில் கோசிமோவின் ஒரு கண்தான் தெரிந்தது. சுருள் சுற்றச் சுற்ற மற்ற கண்ணின் ஓரமும் தெரிந்தது.

"மேடம், அவன் இந்தப் பக்கம் திரும்புறான்."

"வெயில் தலைக்கு ஏறிடுச்சா? ஒட்டின துண்டு எப்படிடா திரும்பும்?" கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் துல்லியோவோடு உட்கார்ந்திருந்த எர்சிலியாவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "வாயைப் பார்த்துப் பேசு. நாளையிலேர்ந்து ஆகஸ்ட் முழுக்க எல்லாரும் லீவு."

வாயைப் பார்த்தான். உதட்டசைவைப் படிப்பதுதான் அவன் பிழைப்பு. அது வசனம் இல்லை. எண்களும் இல்லை.

கொடு.

மறுபடி சுற்றியது. இப்போது இரண்டு கண்களும் அவன் மேல். கோசிமோவின் முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கொடு.

நேவியோ வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. ஆனால் வசனம் கேட்டது. நேவியோவின் குரலிலேயே. உதட்டோடு இம்மியும் பிசகாமல்.

"இதுதான்டா," என்றாள் எர்சிலியா. "காலையிலேயே இப்படிப் பேசியிருந்தா இவ்வளவு நேரம் ஆயிருக்குமா?"

இல்லை என்று கத்தினான். சத்தம் இல்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டான். சத்தம் இல்லை.

திரையில் ஜன்னல். திரைச்சீலை. ஆள் இல்லை.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூன்று பேர் எழுந்தார்கள். மூன்றாமவனின் சட்டை முதுகோடு ஈரமாக ஒட்டியிருந்தது. ஒலிபெருக்கி இன்னும் வேலை செய்தது.

"வாங்க மேடம், காப்பி சாப்பிடலாம்," என்றது நேவியோவின் குரல். "உள்ளே யாரும் இல்லையே? பூட்டிடட்டுமா?"

"பூட்டு, பூட்டு. செப்டம்பர்லதான் இனிமே திறக்கணும்," என்றான் துல்லியோ.

நேவியோ ஓடினான். நாற்காலி தடுக்கியது. விழுந்தான். எழுந்தான். கம்பளி அடித்த கதவு அவன் விரல்களுக்கு முன்னால் சாத்திக்கொண்டது. வெளியே சாவி திரும்பியது.