இல்லாத அண்ணன்

திங்கட்கிழமை காலை. பெண்கள் விடுதியில் ஒரு மாணவி குளித்துவிட்டு அறைக்குத் திரும்பியபோது, உடன் தங்கியிருந்த இருவரின் அலமாரிகளிலும் புதுப்பூட்டு தொங்கியது. காரணம் கேட்டாள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவள் சொன்னாள்: "உன் அண்ணன் திருட்டுக் கேசுல ஜெயில்ல இருக்கானாமே."

குரலே எழும்பாததால் எல்லோரும் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றும் எதிர்த்துப் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவள், வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அதிகாரி, போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஸ்பெக்டரம்மா என்றால்தான் யாருக்கும் தெரியும். வியாழக்கிழமை மாணவர் நல டீன் அவரை அழைத்தார்.

"விடுதிப் பொண்ணு ஒருத்தி ஆலோசனை அறையில சொன்னது வெளிய போயிருக்கு. இனிமே எந்தப் பிள்ளை அங்க வாயைத் திறக்கும்? சீக்கிரம் முடிங்க."

இன்ஸ்பெக்டரம்மா முதலில் குருவியைப் பார்த்தார்.

"யார்கிட்ட சொன்னே?"

"ஆலோசகர் மேடம் ஒருத்தங்ககிட்டதான்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"இங்க யாருக்கும் தெரியாது."

"அண்ணன் எத்தனை வருஷமா உள்ள இருக்கார்?"

"எனக்கு அண்ணனே இல்ல மேடம். ஜெயில்ல இருக்கறது அக்கா."

வதந்திக்குக் கண், காது, மூக்கு வைப்பது ஊர் வழக்கம்தானே என்று விட்டுவிட்டார்.

ஆலோசனை அறை நலத்துறைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. வெளியே வரவேற்பாளர். இன்ஸ்பெக்டரம்மா அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஆலோசகரை உள்ளே பேசச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. கத்தச் சொன்னார். ஏதோ முனகல் மாதிரி வந்தது, அவ்வளவுதான்.

"ஆளாளுக்கு இதே கேள்வி. நான் என்ன ஒட்டுக்கேக்கறவளா?" என்றாள் வரவேற்பாளர்.

உள்ளே மேசைமேல் ஆலோசகரைப் பார்த்தபடி ஒரு சின்ன மைக் இருந்தது.

"பேசறதைப் பதிவு பண்றீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம். காது சரியா கேக்காத பிள்ளைங்க வருவாங்க. கம்பளத்துக்கு அடியில சுத்திக் கம்பி ஓடுது. அவங்க காது மெஷின்ல ஒரு சுவிட்சைத் தட்டினா வெளிய இருக்கற சத்தம் நின்னு, நான் பேசறது மட்டும் நேரா காதுக்குள்ள விழும். நான் இதை அணைக்கறதே இல்ல. கேட்டு வாங்க அவங்களுக்குக் கூச்சம்."

"அண்ணன்னு ஏன் பரவிச்சுன்னு தெரியுமா?"

ஆலோசகர் முகம் வாடியது. "என் வாய் தவறினதுதான். அதுக்கு முன்னாடி வந்த பையன் அவன் அண்ணனைப் பத்திப் பேசியிருந்தான். அதே நினைப்புல, 'உங்க அண்ணன் திருடினதுக்கு நீங்க எப்படிப் பொறுப்பு'ன்னுட்டேன். அக்கான்னு அவ உடனே திருத்தினா."

ஆலோசகரையும் அழைத்துக்கொண்டு போய் இன்ஸ்பெக்டரம்மா இதைச் சொன்னதும், டீன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "அப்ப உங்க வாய்லேர்ந்துதான் போயிருக்கு. வேலியே பயிரை மேஞ்சா என்ன பண்றது? நாளைக்கு மறுநாள்லேர்ந்து லீவுல போங்க."

இன்ஸ்பெக்டரம்மா எரிச்சலோடு விடுதிக்கும் அலுவலகத்துக்குமாக அலைந்தார். அவள் சொன்னாள், இவள் சொன்னாள் என்று பேச்சு சாப்பாட்டுக்கூடம் வரை போய், அங்கே நூலறுந்து போனது. கடைசியில் விடுதிகளின் தலைமை வார்டனைப் பார்க்க மாடியேறினார். ஆலோசனை அறைக்கு நேர் மேலே அவர் அறை.

கதவைத் தட்டினார். பதில் இல்லை. பலமாகத் தட்டினார். பிறகு தானே திறந்தார். வார்டன் கண்ணை மூடி, யாரோ கதை சொல்வதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார். நிழல் பட்டதும் நிமிர்ந்தார். கை காதுக்குப் பின்னால் போய் வந்தது.

"வாங்கம்மா."

"தட்டினேன் சார்."

"கேக்கல. வயசாச்சு."

அதன்பின் இன்ஸ்பெக்டரம்மா தணிந்த குரலில் கேட்டதற்கெல்லாம் அவர் பிசகாமல் பதில் சொன்னார். குருவி என்று ஒரு மாணவி இருப்பதே தனக்குத் தெரியாது என்றார்.

படியிறங்கும்போது கீழே ஆலோசனை அறைக்கதவு திறந்து, ஒரு பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். இன்ஸ்பெக்டரம்மா படியிலேயே நின்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் டீனை அழைத்துக்கொண்டு போய் வார்டன் அறை வாசலில் நிறுத்தினார். கதவைத் தட்டினார். பதில் வரவில்லை. கைப்பேசியில் கீழே இருந்த ஆலோசகருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

சற்று நேரத்தில் கதவு விரியத் திறந்தது. கையில் சாவியோடு வார்டன்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"என் காரை யாரோ இடிச்சுட்டாங்களாம்."

"யார் சொன்னது?"

வார்டன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"கீழ பூட்டின அறைக்குள்ள ஆலோசகர் சொன்னாங்க. தனியா, மைக் முன்னாடி," என்ற இன்ஸ்பெக்டரம்மா டீன் பக்கம் திரும்பினார். "ஆலோசகருக்கு அது அக்கான்னு தெரியும் சார். அவங்க வெளிய சொல்லியிருந்தா அக்கான்னுதான் பரவியிருக்கும். அந்தத் தப்பு காதுல விழுந்து, குருவி திருத்தினது விழாத ஆள்தான் சொல்லியிருக்கணும். மைக் பார்க்கறது ஆலோசகரை; குருவி குரல் அதுக்கு எட்டாது. கம்பியோட அலை மேல் தளத்துக்கும் வருது. நேத்து கதவை இடிச்சப்போ கேக்காதவர், காதுக்குப் பின்னால தட்டினதும் நான் முணுமுணுத்தது வரைக்கும் கேட்டார். அவர் காது மெஷின் சுவிட்சு அதுவரைக்கும் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

வார்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். "போன் பேச சுவிட்சை மாத்தினப்போ கீழ பேசறது தானா கேட்டுச்சு. முதல்ல எரிச்சலாதான் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. மேடம் பேர் சொல்லிக் கூப்பிட்டதால ஆள் யாருன்னு தெரிஞ்சுச்சு. அந்தப் பொண்ணு மேல ஒரு கண்ணு வையுங்கன்னு விடுதி மேட்ரன்கிட்ட சொன்னேன். நாளைக்கு ஏதாவது காணாம போனா என் தலைதானே உருளும்?"

"இப்ப என்ன உருளுதாம்?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

வார்டன் மீது நடவடிக்கை என்றார் டீன். மைக்கைக் கழற்றச் சொன்னார். "அதை நம்பி வர்ற பிள்ளைங்க என்ன பண்ணும்? மேல யாரும் இல்லாத அறை ஒண்ணு குடுங்க," என்றார் ஆலோசகர். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று பதில் வந்தது.

மாலையில் இன்ஸ்பெக்டரம்மா குருவியின் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப மேடம் சொல்லலையா?"

"சொல்லல."

குருவி எதிரே இருந்த அலமாரிகளைப் பார்த்தாள். பிறகு, "பூட்டெல்லாம் அப்படியேதானே இருக்கும்," என்றாள்.

"மேடம் இப்ப எங்க இருக்காங்க?"

"அந்த அறையில இனி உக்கார மாட்டேன்னுட்டாங்க. விளையாட்டு மைதானத்தைச் சுத்தி நடக்கறாங்க. பேசணும்னு நினைக்கறவங்க கூட நடக்கலாமாம்."

குருவி எழுந்து முகம் கழுவினாள். கட்டிலுக்கு அடியில் காலால் துழாவிச் செருப்பை இழுத்தாள்.