ரூம் பக்கம் வேர்த்தால்

2024 டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை, சேலையூர். ஆபேலும் கெசியாவும் புதிதாக வாங்கிய வீட்டின் அடித்தள அறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

அடுத்த மார்ச்சில், திருமுடிவாக்கத்திலிருந்து வந்த காண்ட்ராக்டர் சிட்டிபாபு சுவர்களிலும் தரையிலும் வாட்டர்புரூஃப் பூச்சை மூன்று கோட் அடித்தார். ஜூனில் பிளஸ் ஒன் போகும் மகள் எப்சிக்கு அது தனி அறையாக வேண்டும், கட்டில்கூட வந்துவிட்டது. ஆனால் மே மாதத்தில், தெருத் தார் இளகும் அனலில், கதவைத் திறந்ததும் ஈரத்துணி மூட்டையைப் பிரித்ததுபோல ஒரு நெடி. அதற்கடியில் இளஞ்சூடாக, இப்போதுதான் யாரோ எழுந்துபோன படுக்கையின் வாசனை.

"பூச்சுல மருந்தைக் குறைச்சுட்டீங்களா?" கெசியா நேராகவே கேட்டாள்.

சிட்டிபாபுவின் முகம் சுருங்கியது. "டீச்சராச்சே, பரிட்சை வெக்காம வுடமாட்டீங்க. வெச்சுக்கலாம்."

சுவருக்கு ஒன்றாகப் பாலிதீன் தாளை ஓரமெல்லாம் டேப் போட்டு ஒட்டினார். "ரெண்டு நாள் பூட்டி வைங்க. தாளுக்குப் பின்னாடி, சுவத்துப் பக்கம் வேர்த்தா மண்ணுலேர்ந்து ஈரம் வருது, என் தப்பு. ரூம் பக்கம் வேர்த்தா, உள்ள யாரோ படுத்துகினு மூச்சு வுடுறாங்க."

இரண்டு நாள் கழித்துத் திறந்தார்கள். மூன்று தாள்கள் காய்ந்திருந்தன. வடக்குச் சுவரில், ரூம் பக்கம், முழங்கால் உயரத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நீர்த்துளிகள்.

"யாருக்கு டீச்சர் வாடகைக்கு வுட்டீங்க?" சிட்டிபாபு சிரித்தார்.

கெசியா சிரிக்கவில்லை. தப்பித்துக்கொள்ள அவரே தண்ணீர் தெளித்திருக்கலாம். கள்ளச்சாவி வைத்திருக்கலாம். அல்லது ஆபேல் சிகரெட் பிடிக்க இறங்குகிறாரா?

"விட்டு ஆறு வருஷமாச்சு கெசியா. என்னையுமா சந்தேகப்படற?"

"எல்லாரையும்தான்."

புதுப் பூட்டுப் போட்டாள். வினாத்தாள் கட்டுக்குச் சீல் வைப்பதுபோல, கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே வெள்ளைத் தாளை ஒட்டி, பாதி தாளிலும் பாதி மரத்திலுமாகக் கையெழுத்திட்டாள். தேதி போட்டாள். நேரமும்.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணி. கையெழுத்து கோடு பிசகாமல் இருந்தது. பிளேடால் கிழித்து, படியிறங்கி, விளக்கைப் போட்டாள்.

நீர்த்துளி வட்டம் இப்போது நெஞ்சு உயரத்தில் இருந்தது.

யாரும் உள்ளே வரவில்லை என்பதற்கு அவள் கையெழுத்தே சாட்சி. யாரும் வெளியே போகவில்லை என்பதற்கும்.

அருகில் போனாள். வட்டத்தின் விளிம்பு சுருங்கியது. பனித்து, மறுபடி விரிந்தது. சுருங்கியது. தன் மூச்சுதான் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

விரிந்தது.

சுருங்கியது.

பிறகு நின்றது. தாள் காய்ந்தது. தோளோரம் ஏதோ வெதுவெதுப்பாகக் கடந்தது. நெடி இல்லை. அவளுக்குப் பின்னால், படிகளுக்கு மேலே, கதவு திறந்தே கிடந்தது.

மேலே கூடத்தில் செல்போனில் குனிந்திருந்த எப்சியின் குரல் கேட்டது.

"ஐயோ அம்மா, கழுத்துல ஊதாதம்மா. கூசுது."

ஆபேல் நாவலூரில் ஆபீசில் இருந்தார். கெசியா கீழே, வடக்குச் சுவரருகில் நின்றிருந்தாள்.