கல்கல் போட்ட மறுநாள்

குழாய்க்குள்ளிருந்து அது மெல்ல மெல்ல வெளியே வந்தது.

முதலில் ஒரு வெள்ளை மூக்கு. பிறகு ஒரு முழ நீளத்துக்கு வழவழவென்று ஓர் உடம்பு.

"ஐயோ, பாம்பு!" என்று அலறிக்கொண்டு மதிவாணன் மாடிப்படியில் தாவி ஏறினார். அவருக்கு அறுபத்து நாலு வயது. அந்தத் தாவலைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"பாம்பும் இல்ல, பல்லியும் இல்ல சார். எண்ணெய்! உறைஞ்சு போன எண்ணெய்," என்றார் பிளம்பர் குலாம் முகம்மது. கம்பியால் இழுத்து அதைத் தரையில் போட்டார். தொப்!

எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். டெல்பின் மட்டும் முன்னால் நகர்ந்தாள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவளுக்கு எதையும் விரலால் குத்திப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஒரு குச்சியை எடுத்துக் குத்தினாள். குச்சி பாதி இறங்கி அப்படியே நின்றது.

"பாய் அங்கிள், எண்ணெய்னா ஓடும்தானே? இது ஏன் மெழுகுவத்தி மாதிரி நிக்குது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எனக்கு அடைப்பு எடுக்கத்தான் தெரியும்."

நந்தனத்தில் இருந்த அந்தக் கட்டடத்தில் மூன்றே வீடுகள். தரைத் தளத்தில் நாகராஜ். முதல் மாடியில் மதிவாணன். இரண்டாம் மாடியில் டெல்பின். மூன்று சமையலறைக்கும் ஒரே குழாய்தான். அது செங்குத்தாக இறங்கி, நாகராஜ் வீட்டுக்குப் பக்கத்தில் திரும்பி, தெருச் சாக்கடைக்குப் போகும். அந்தத் திருப்பத்தில்தான் இந்த மாதம் மூன்றாவது முறையாக அடைப்பு. ஒவ்வொரு முறையும் நாகராஜ் வீட்டு சிங்க் வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கி, சமையலறை முழுக்கப் பரவியது.

மதிவாணன் இறங்கி வந்தார். பயம் போய்க் கோபம் வந்திருந்தது.

"எண்ணெய்னு அவரே சொல்லிட்டார். இந்தக் கட்டடத்துல சட்டி சட்டியா எண்ணெய் காய்ச்சறது யாரு?"

எல்லார் கண்களும் நாகராஜ் பக்கம் திரும்பின. தினமும் மாலை நாலு மணிக்கு கேட்டுக்கு வெளியே அவருடைய பஜ்ஜி வண்டி நிற்கும். கல்லூரிப் பிள்ளைகள் மொய்த்துக்கொள்வார்கள்.

"சார், நா ஒரு சொட்டு கூட ஊத்தறதில்ல சார்," என்றார் நாகராஜ். "என் வூட்லதானே தண்ணி ரொம்புது? என் வூட்ட நானே நாறடிச்சுப்பனா?"

"அதெல்லாம் வேணாம். ஞாயித்துக்கிழமை மூணு வீடும் உக்காந்து பேசுவோம். இனிமே உன் வண்டி நம்ம கேட் பக்கம் நிக்கக் கூடாது. இதோ, இந்த இடத்துல!"

இடத்தைக் காட்ட அவர் இரும்புக் கேட்டைத் தள்ளினார்.

கிரீ...ச்!

அந்தச் சத்தம் அண்ணா சாலை வரை கேட்டிருக்கும். உடனே முதல் மாடி ஜன்னலில் அவருடைய மகள் நிஷாவின் தலை தெரிந்தது.

"அப்பா! எங்க கிளம்பிட்டீங்க? எண்ணெய்ப் பலகாரம் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"நான் எங்கேயும் போகலம்மா!" என்று மதிவாணன் சட்டென்று உள்ளே வந்துவிட்டார்.

நாகராஜின் மகள் கயல் வாசற்படியில் உட்கார்ந்து பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவளும் டெல்பினும் ஒரே வகுப்பு.

"நாலு பக்கெட் தண்ணி அள்ளினேன் தெரியுமா?" என்றாள் கயல். "எங்க நைனா பழைய எண்ணெய கேன்ல சேத்து வச்சிருக்காரு. மாசம் ஒருவாட்டி வண்டி வந்து வாங்கினு போவும். அதுல டீசல் செய்றாங்களாம்."

"பஜ்ஜி எண்ணெயில வண்டி ஓடுமா?" டெல்பினுக்குக் கண் விரிந்தது. "அப்ப பஸ் போற வழியெல்லாம் வாழைக்காய் வாசனை வருமா?"

கயல் சிரிக்க நினைத்தாள். சிரிப்பு வரவில்லை. "கேட்டாண்ட வண்டி வுடலேன்னா எங்க போவோம் டெல்பி? காலேஜ் பசங்க இங்கதான் வருவாங்க."

டெல்பின் அந்த கேனை எட்டிப் பார்த்தாள். உள்ளே எண்ணெய் கறுப்பாகத் தளதளவென்று ஆடியது. ஆட்டிப் பார்த்தாள். ஓடியது. ஆனால் குழாயில் வந்தது வெள்ளை. ஓடவே இல்லை.

'ரெண்டும் எண்ணெய்தான். அது ஏன் நிக்குது, இது ஏன் ஓடுது?'

"கயல், எனக்கு இதுல கொஞ்சம் குடு," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் டெல்பின் வீட்டில் கிறிஸ்துமஸ் வாசனை. அவள் அம்மா ஃப்ளோரா பள்ளிக்கூட டீச்சர். டிசம்பர் வந்துவிட்டால் அவர் கை சும்மா இருக்காது. பங்குக் கோயில் விற்பனைக்கு, பாலவாக்கத்துச் சித்திக்கு, பக்கத்து வீடுகளுக்கு என்று வாரம் ஒன்றிரண்டு முறை கடாய் ஏறும். டெல்பின் மாவு உருண்டைகளை முள்கரண்டியின் முதுகில் வைத்துச் சுருட்டித் தர, அம்மா பொரித்தெடுத்தார். கல்கல் பொன்னிறமாகச் சிரித்தது.

"மம்மி, நம்ம எண்ணெய் என்ன எண்ணெய்?"

"பாமாயில்தான். பாதிக்குப் பாதி வனஸ்பதி சேர்ப்பேன். அப்பத்தான் மொறுமொறுன்னு வரும்."

"பொரிச்சு முடிச்சதும் என்ன பண்ணுவீங்க?"

"சிங்க்ல ஊத்திடுவேன். ஒரு தடவை பொரிச்ச எண்ணெயில நான் மறுபடி பொரிக்க மாட்டேன், உடம்புக்கு ஆகாது. ஊத்தினதும் மேல ஒரு குண்டான் கொதிக்கிற தண்ணி விட்டா அடிச்சுக்கிட்டுப் போயிடும். நம்ம சிங்க் ஒரு நாளாவது அடைச்சிருக்கா, சொல்லு?"

உண்மைதான். அந்தக் கட்டடத்திலேயே சுத்தமான சிங்க் அவர்களுடையதுதான்.

"மம்மி, இன்னிக்கு மட்டும் ஊத்தாதீங்க. நாளைக்கு ஊத்தலாம். ப்ளீஸ்!"

"ஏன்டி?"

"சும்மா. ஒண்ணு தெரிஞ்சுக்கணும்."

ஃப்ளோராவுக்குப் பெண்ணைத் தெரியும். போன மாதம் தெரிந்துகொள்வதற்காக அவள் அலாரம் கடிகாரத்தைக் கழற்றினாள். அதற்கு இது எவ்வளவோ மேல். கடாயை மூடி வைத்தார்.

டெல்பின் இரண்டு ஜாம் பாட்டில்களை எடுத்தாள். ஒன்றில் கயல் தந்த பஜ்ஜி எண்ணெய். இன்னொன்றில் அம்மாவின் கல்கல் எண்ணெய். இரண்டிலும் கொதிக்கும் தண்ணீரை அம்மாவை விட்டே ஊற்றச் சொன்னாள். இரண்டு எண்ணெயும் தண்ணீருக்கு மேலே வந்து, சமர்த்தாக மிதந்தன. மூடியைப் போட்டு, பால்கனிச் சுவர் ஓரம் வைத்துவிட்டுப் படுத்தாள்.

காலையில் பல் கூடத் துலக்காமல் ஓடினாள்.

பஜ்ஜி எண்ணெய் நேற்று மாதிரியே தளதளவென்று இருந்தது. கல்கல் எண்ணெயைக் காணோம்! அந்த இடத்தில் தண்ணீருக்கு மேலே தடிமனாக ஒரு வெள்ளை மூடி. ஸ்பூனால் தட்டினாள். 'டக், டக்.' குத்தினாள். ஸ்பூன் கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

வியாழக்கிழமை குழாயிலிருந்து வந்ததும் இதேதான்.

டெல்பின் சமையலறை நாள்காட்டிக்கு ஓடினாள். அம்மா பலகாரம் போடும் நாளில் ஒரு நட்சத்திரம் வரைந்து வைப்பார். முதல் நட்சத்திரம் ஞாயிறு. நாகராஜ் வீட்டில் தண்ணீர் பொங்கியது திங்கள். இரண்டாவது நட்சத்திரம் செவ்வாய். தண்ணீர் பொங்கியது புதன். மூன்றாவது... அதுவும் அப்படியே. ஒவ்வொரு முறையும் கல்கல் போட்ட மறுநாள்!

"மம்மி," என்று பாட்டிலை நீட்டினாள். "சுடுதண்ணி எண்ணெயைக் கரைக்கல. கீழ வரைக்கும் தூக்கிட்டுப் போய் விட்டுடுது. அங்க ஆறினதும் வனஸ்பதி சேர்த்த நம்ம எண்ணெய் கட்டியாயிடுது. அதான் நம்ம சிங்க் அடைக்கல. அவங்க சிங்க் அடைக்குது."

ஃப்ளோரா முதலில் சிரித்தார். பிறகு நாள்காட்டியைப் பார்த்தார். அப்புறம் கடாய் மூடியைத் திறந்தார். உள்ளே எண்ணெய் ஐஸ்கிரீம் மாதிரி உறைந்திருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அந்தத் தண்ணி எல்லாம்... நானா டெல்பி?"

கடாயை மறுபடி மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சரி, இனிமே ஊத்த மாட்டேன். அடைப்பும் வராது. பிரச்சினை தானா தீர்ந்துடும். இதை எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு இல்லயே?"

டெல்பின் யோசித்தாள். கணக்கு எங்கேயோ உதைத்தது.

"மம்மி, நாளைக்கு வண்டியைத் துரத்திடுவாங்க. நீங்களும் ஊத்த மாட்டீங்க. அடைப்பு வராது. அப்ப எல்லாரும் என்ன சொல்வாங்க? 'பாத்தியா, வண்டி போச்சு, அடைப்பும் போச்சு'ன்னு சொல்வாங்க. கயலோட அப்பாதான் பண்ணினார்னு ஆயிடுமே!"

ஃப்ளோரா நாள்காட்டி நட்சத்திரங்களை விரலால் மறுபடி எண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள். மதிவாணன் வெள்ளை வேட்டியில் நடுவே அமர்ந்திருந்தார். நாகராஜ் சுவரோரம் நின்றார். கயல் அவர் கையைப் பிடித்திருந்தாள். ஃப்ளோரா கடைசி நாற்காலியில் புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஆரம்பிக்கலாமா?" என்று மதிவாணன் தொண்டையைச் செருமினார்.

"அங்கிள், அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க," என்று டெல்பின் இரண்டு பாட்டில்களையும் அவர் முன்னால் வைத்தாள். "குழாய்ல வந்தது இது மாதிரிதானே இருந்தது? மூடியைத் திறந்து சாய்ச்சுப் பாருங்க. விழாது."

மதிவாணன் வெள்ளை பாட்டிலைச் சாய்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. "அட! அதேதான்!" உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப இது?" என்று மற்றதையும் திறந்து சாய்த்தார்.

"அது வேணாம் அங்கிள்!"

சொல்வதற்குள் பஜ்ஜி எண்ணெய் அவர் மடியில் இறங்கிவிட்டது. வெள்ளை வேட்டி வரைபடமாகிவிட்டது.

"அதுதான் நாகராஜ் மாமாவோட எண்ணெய்," என்றாள் டெல்பின் சின்னக் குரலில். "அது ஓடும். உறையாது."

மதிவாணன் வேட்டியையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அந்த வெள்ளை எண்ணெய் யார் வீட்டுது?"

டெல்பின் வாயைத் திறந்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஃப்ளோரா எழுந்து நின்றார். "எங்க வீட்டுது. நான்தான் ஊத்தினேன். சுடுதண்ணி விட்டா போயிடும்னு நினைச்சேன். மன்னிச்சுக்கோங்க நாகராஜ்."

நாகராஜ் பதறிவிட்டார். "வுடுங்க டீச்சர். தெரிஞ்சா செஞ்சீங்க?"

"நாலு பக்கெட் ஆன்ட்டி," என்றாள் கயல். அவ்வளவு சுலபமாக விட அவளுக்கு மனமில்லை.

"உனக்கு ரெண்டு டப்பா கல்கல் வச்சிருக்கேன் கயல்."

"நாலு பக்கெட்டுக்கு ரெண்டு டப்பாவா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டப்பா நாலானது.

"சரி, சரி. வண்டி அங்கேயே நிக்கட்டும்," என்றார் மதிவாணன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாகராஜ், உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு எண்ணெய் மேல கோபம் இல்ல. நாலு மணிக்கு அந்த வாசனை ஜன்னல் வழியா வருது பாரு, அதுதான்..." என்று எச்சில் விழுங்கினார்.

அன்றே மாடிப்படிக்குக் கீழே ஒரு புது கேன் வந்தது. அதன் மேல் டெல்பினின் கையெழுத்தில் ஓர் அட்டை: 'கொதிக்கும்போது ஊற்றாதீர்கள். உறையும்வரை காத்திருக்காதீர்கள். வெதுவெதுப்பாக ஊற்றுங்கள்.' பஜ்ஜி எண்ணெய் வாங்கும் வண்டி இதையும் வாங்கிக்கொள்ளும் என்று நாகராஜ் சொல்லிவிட்டார். கடாயில் ஒட்டியிருப்பதை ஃப்ளோரா பழைய செய்தித்தாளால் துடைத்த பிறகுதான் கழுவினார்.

நாகராஜின் கேனிலிருந்து ஒரு ஸ்பூன் எண்ணெயை மட்டும் டெல்பின் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுக்கு இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மறு வாரம் மாலை நாலு மணி. டெல்பினும் கயலும் படியில் உட்கார்ந்து கல்கல் கொறித்துக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கேட் திறந்தது. சத்தமே இல்லை! கீல்கள் எண்ணெயில் மினுமினுத்தன. மதிவாணன் பூனை நடையில் வெளியே போனார். மூன்று பஜ்ஜிகளோடு பூனை நடையில் திரும்பினார். உதட்டின் மேல் விரலை வைத்து, ஆளுக்கு ஒன்று நீட்டினார். மூன்றாவதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

முதல் மாடி ஜன்னல் திறந்தது. "அப்பா! எங்க இருக்கீங்க?"

பதில் சொல்ல அங்கே யாருக்கும் வாய் ஒழியவில்லை.