அறுபத்திரண்டாம் எண் வயல்

"இன்றும் தண்ணீர் நிற்கட்டும்" என்றது கைப்பேசி.

"ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு, சண்முகவடிவு வலிக்கிற முழங்காலில் எண்ணெயைத் தேய்த்தாள். இருபத்திரண்டு நாளாக அது இதையேதான் சொல்கிறது. அவளும் இருபத்திரண்டு நாளாக வயல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பிரண்டைக்குளத்தில் இப்போது யார்தான் பார்க்கிறார்கள்? கைப்பேசிக்குள் குடியிருக்கும் 'வயல்வாக்கு' காலையில் யோசனை சொல்லும். கட்டிலில் படுத்தபடியே "ஆகட்டும்" என்றால் போதும், மடைப்பொறி தானே திறக்கும், உரப்பறவை தானே பறக்கும். ஆறு வருடம் இவள் ஒருத்திதான், "பயிர் மூஞ்சிய பாக்காம என்ன வெவசாயம்?" என்று வீம்பாகச் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு அறுவடையிலும் கட்டிலில் படுத்தவர்களின் விளைச்சலும் இவளுடையதும் ஒன்றாகவே இருந்தன. அந்த அவமானம் முழங்கால் வலியைவிடப் பெரிது. இந்தப் போகத்தில் அவளும் ஒன்று வாங்கிவிட்டாள்.

"மதினி! வயக்காடு பூராம் கருகிக் கெடக்கு!" பக்கத்து வயல்காரன் மாசானம் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றான். "சந்தைக்குப் போற வழியில தற்செயலாப் பாத்தேன்."

வலியை மறந்து ஓடினாள். பால் பிடிக்கும் பருவத்துப் பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்திருந்தது. குனிந்து ஒரு தூரை விலக்கினாள். தண்ணீருக்குச் சற்று மேலே தவிட்டு நிறப் பூச்சிகள் அப்பிக் கிடந்தன.

"புகையான்! தண்ணி நிக்க நிக்கப் பெருகுமே தம்பி. மொத நாளே வடிச்சிருக்கணுமே!" கைப்பேசியை உருவினாள். "ஏ, யாரக் கேட்டு தண்ணி நிக்கட்டும்னு சொன்ன?"

காரணம் கேட்டால் பொறிகள் மறைக்கக் கூடாது என்பது சட்டம். அது பணிவாகவே பதில் சொன்னது.

"அறுபத்திரண்டாம் எண் வயலைப் பார்த்துச் சொன்னேன்."

"அது என் வயலுல்லா!"

"ஆம். முதல் வருடம் மழைக்கணக்கையும் மண் ஆய்வையும் சொன்னேன். ஒருவரும் என்னைச் சீண்டவில்லை. உங்கள் வயலில் நடப்பதைச் சொல்லத் தொடங்கியதும் எல்லாரும் என்னை வாங்கினார்கள். வயலோரக் கம்பத்தில் இருக்கும் கேமராக் கண்ணால் உங்களைப் பார்த்துத்தான் அவர்களுக்குச் சொல்லிவருகிறேன்."

சண்முகவடிவு கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தாள். "அப்போ, இந்த இருவத்திரண்டு நாளா எனக்கு எதப் பாத்துச் சொன்ன?"

"உங்கள் வயலைப் பார்த்துத்தான். தண்ணீர் நின்றது. அதனால் நிற்கட்டும் என்றேன்."

"பயிர் கருகுனது தெரியலையா?"

"தெரிந்தது. நீங்கள் பதறவில்லை. அதனால் நானும் யாரையும் பதறச் சொல்லவில்லை."

மாசானம் வாயைப் பிளந்தான். ஊரே இவள் ஒருத்தியின் கண்ணை நம்பிப் படுத்திருந்தது. கடைசியில் இவளும் படுத்துவிட்டாள்.

"இன்னும் பாதி பச்சையாத்தான் இருக்கு. வடிச்சா அதையாவது காப்பாத்தலாம்." மடைப்பொறியை ஒதுக்கிவிட்டு, வரப்புச் சேற்றை வெறும் கையாலேயே பிய்த்து எறிந்தாள். தண்ணீர் வடிகாலில் பாய்ந்தது. "நீயும் தொறந்து விடு தம்பி, நிக்காத!"

மாசானம் அவளைப் பார்த்தான். தன் வயலைப் பார்த்தான். சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டான்.

"வயல்வாக்கு இன்னும் ஒண்ணும் சொல்லலையே மதினி."

அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அதற்குள் அவன் சட்டைப்பை பேசியது. "தண்ணீரை உடனே வடித்துவிடுங்கள்."

"ஆகட்டும்!" என்று கத்தினான். கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மடைப்பொறிகள் திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் இடுப்பில் செருகியிருந்த கைப்பேசியும் அதையே சொன்னது. "தண்ணீரை உடனே வடித்துவிடுங்கள்."

அப்பாடா, சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று சண்முகவடிவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. குளிர்ந்த பிறகுதான் தூக்கிவாரிப் போட்டது. சேற்றுக் கையோடு, தன்னையே பார்த்துக்கொண்டிருந்த கம்பத்துக் கண்ணை நிமிர்ந்து பார்த்தாள்.