ஆமணக்கெண்ணெய் மணக்கும் கார்

“நாளைக்குக் காரை ஏத்த லொறி வருது. அதுக்குள்ள சொல்லுங்கோ, அவர் வாறாரோ இல்லையோ?” தொலைபேசியில் தமயந்தி அவசரப்படுத்தினார்.

காப்புறுதிக் கோரிக்கைகளைத் துருவித் துருவியே தலை நரைத்த மகேசனிடம் ஆவியைப் பற்றி இதுவரை யாரும் முறையிட்டதில்லை. உடனே ஒக்லாந்தின் எல்லர்ஸ்லிப் பகுதியில் இருந்த தன் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். உதவியாளர் நிசாந்தினிக்கு இப்படிப்பட்ட கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்; அவளும் கூடவே வந்தாள்.

தமயந்தியின் கிளென் ஈடன் வீட்டுக் கராஜில் நின்றது, தொண்ணூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் செய்த ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். முதல் ஓட்டுநர் அதிலேயே மாண்டார். கப்பலேற்றி ஒக்லாந்துக்குக் கொண்டுவந்தவர் அதனருகே விழுந்து இறந்தார். ஒன்பது வருடம் அதைத் திருத்திய சோதிலிங்கம், தமயந்தியின் கணவர், நான்கு மாதத்துக்கு முன் அதன் பக்கத்திலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

“வியாழக்கிழமையில வேலையால வந்தா ஆமணக்கெண்ணெய் கருகின மணம், இண்டைக்கும்தான். பந்தயக் காருக்கு உந்த எண்ணெயைத்தான் விடுறவர். அவர்தான் எண்டா நான் காரை விக்கமாட்டன்,” என்றார் தமயந்தி.

நிசாந்தினி காரின் புகைக்குழாயைத் தொட்டாள். இளஞ்சூடு! விருட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

இருக்கையில் தூசி கலையாமல் படிந்திருந்தது. முப்பத்தோராம் நாள் சடங்கன்று தமயந்தி சக்கரங்களுக்கு அடியில் வைத்த தேசிக்காய்கள் நசியாமல், எலுமிச்சைச் சாறு சிந்தாமல் காய்ந்து கிடந்தன.

“சாவி எங்கை?” என்றார் மகேசன்.

“இதுக்குச் சாவி இல்லை. தள்ளோணும், இல்லாட்டி உந்தக் கம்பியை முன்னால செருகிச் சுத்தோணும். அவர் வேற ஆரையும் சுத்த விடமாட்டார்.”

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சஞ்சீவன் எட்டிப் பார்த்தான். வீங்கிய வலது பெருவிரலில் புதுக் கட்டு. “கார்க் கதவு நசிச்சுப்போட்டுது,” என்றான், யாரும் கேட்காமலே.

தமயந்தி முகத்தைத் திருப்பினார். “இந்தக் காரைக் காட்டி வாங்க வைச்சு அவரைச் சாகடிச்சவன். இனித் தொடக்கூடாது எண்டு செத்த வீட்டிலேயே சொல்லிப்போட்டன்.”

மகேசன் அவனை உள்ளே கூப்பிட்டார்.

“தேசிக்காய் நசியேல்லை, ஆரும் தள்ளேல்லை. தூசி கலையேல்லை, ஆரும் ஏறேல்லை. மிச்சம் கம்பிதான். எஞ்சின் திருப்பி உதைச்சா அந்தக் கம்பி பின்னால அடிக்கும். பழகினவர் பெருவிரலை மற்ற விரல்களோட ஒரே பக்கம் வைப்பார். பழகாதவர் சுத்திப் பிடிப்பார். ஆவிக்கு விரல் வீங்காது, தம்பி.”

சஞ்சீவன் தலை குனிந்தான். “ஆமணக்கெண்ணெய் சும்மா கிடந்தா பிசினா இறுகிடும், அக்கா. பிறகு எஞ்சின் செத்துடும். அதுதான் நீங்க வேலைக்குப் போன நேரம் சுத்தினனான். கராஜ் சாவி அண்ணை தந்தது. உங்களிட்டைக் கேக்கப் பயம்.”

தமயந்தி கத்துவார் என்று நிசாந்தினி எதிர்பார்த்தாள். அவரோ கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

“அப்ப அவர் வரேல்லை.”

உண்மை வெளிப்பட்டதற்காக நிசாந்தினி முதன்முறையாக வருந்தினாள். தமயந்தி நெடுநேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“லொறி வரட்டும். நாளைக்கு நீயும் வந்து என்னோட நில், சஞ்சீவன். தனிய நிண்டு அனுப்ப என்னால ஏலாது.”

அவன் சரியென்று தலையாட்டினான்.